தம்பி பையில் அண்ணன் அட்டை

அத்தியாயம் பதினொன்று

போலீஸ் யார்டின் கோடியில், மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, "யானை" ஏழு வாரமாகப் படுத்தே கிடந்தது.

யானை என்றால் லாரி. பன்னிரண்டு சக்கரம். அண்ணனும் தம்பியுமாக வீட்டை அடகு வைத்துத் தவணையில் வாங்கிய வண்டி. வாங்கிய அன்று சரக்குக் கம்பெனி மானேஜர் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, "இனிமே நீங்க டிரைவர் இல்ல சார், முதலாளி" என்றார். சின்னவர் அன்று முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வளைய வந்தார். முதலாளிக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, அடிபட்டால் கேட்க நாதி கிடையாது என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஏழு வாரங்களுக்கு முன், நன்றாக விடிந்த பிறகு, ஒரு வளைவில் யானை சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் புரண்டது. பெரியவருக்கு இடது கை முறிந்தது. சின்னவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். கம்பெனியிலிருந்து ஒரு மலர்வளையமும் ஒரு கடிதமும் வந்தன. "அன்னார் எங்கள் பணியாளர் அல்லர், சுயதொழில் செய்தவர்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். ஆழ்ந்த வருத்தம் மூன்றாவது வரியில் இருந்தது.

வண்டியை ஓட்டியவர் சின்னவர் என்று மெஷின் சொன்னது. லாரியில் ஒரு மெஷின் உண்டு. யார் ஓட்டுகிறாரோ அவருடைய அட்டையை அதில் சொருக வேண்டும். யார், எத்தனை மணி நேரம், எந்த வேகம் என்று அது குறித்துக்கொண்டே வரும். அன்று காலை அதற்குள் இருந்தது சின்னவரின் அட்டை.

வக்கீலம்மா போன வாரம் சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். "ஓட்டினவரே தூங்கி, வண்டி கவுந்திருந்தா, அவர் குடும்பத்துக்கு எதுவும் வராது. சட்டம் அப்படி. அவர் மட்டும் அன்னிக்குப் பின்னாடி படுத்திருந்தார்னா கதையே வேற. கூட இருந்தவங்களுக்குக் கட்டாயம் உண்டு." அதைக் கேட்டதும் பெரியவர் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போனார். அரை மணி நேரம் தண்ணீர் குடித்தார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லாரிக்கான இன்சூரன்ஸ் மட்டும் வரும். அதை வைத்து லாரிக் கடனை அடைத்துவிடலாம், வீடு தப்பிக்கும். அதற்கு, "ஓட்டியவர் என் கணவர்தான், எனக்கு வேறு கோரிக்கை இல்லை" என்று சின்னவரின் மனைவி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இன்று மூன்று மணிக்கு.

அதற்கு முன், காலை பத்து மணிக்கு, யார்டில் வண்டிச் சாமான்களை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் தம்பி மனைவிகளான ஓரகத்திகள் இருவரும் வந்திருந்தார்கள்.

மூத்தவள் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறவள். பதினாறு வருடமாக லாரிகளை நிறுத்தி, எடை போட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுப்பதுதான் வேலை. பெரியவரைச் சந்தித்ததே அந்த ஜன்னல் வழியாகத்தான். லாரிக்காரர்களின் சங்கதி ஒன்றுவிடாமல் அவளுக்கு அத்துப்படி. இளையவளுக்கு லாரி என்றால் வீட்டுக்காரர் ஏறிப்போகும் ஒரு பெரிய பொருள், அவ்வளவுதான்.

"நேத்தும் அவ தூங்கலக்கா" என்றாள் இளையவள், பெஞ்சில் காத்திருக்கும்போது. 

அவள் சொன்னது தன் மகளைப் பற்றி. ஐந்து வயது. "வாலு" என்று பெயர் வைத்தவர் சின்னவர். வாலு இப்போது வாலாட்டுவதே இல்லை.

"விளக்கை அணைச்சா கண்ணை அகலமாத் தொறந்து வெச்சுக்கறா. ஏண்டின்னா, அப்பா தூங்கினதாலதானே செத்துட்டார்ங்கறா. அவளா மயங்கி விழுந்தாத்தான் உண்டு. ஸ்கூல்ல மத்தியானம் எல்லாப் பிள்ளைங்களும் படுத்தா, இவ மட்டும் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காளாம்."

"யாரு அவகிட்டப் போய் அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? வர்றவங்க எல்லாரும் அதைத்தானே பேசறாங்க. அவளுக்கும் காது இருக்கே."

அதற்குள் எழுத்தர் இரண்டு சாக்குப் பைகளை மேஜைமேல் கொட்டிவிட்டுப் பட்டியலை நீட்டினார்.

"ஒண்ணொண்ணா பாத்து டிக் பண்ணிக்கங்கம்மா. அப்புறம் அது இல்ல, இது இல்லன்னு வரக்கூடாது."

பிளாஸ்க் ஒன்று. தலையணை இரண்டு. கம்பளி ஒன்று. கூலிங் கிளாஸ், ஒரு கண்ணாடி உடைந்தது, ஒன்று. குழந்தை வரைந்த படம் ஒன்று. படத்தில் லாரி சின்னதாக இருந்தது, அதை ஓட்டும் அப்பா பெரிதாக இருந்தார். ஜாக்கெட் ஒன்று. பிளாஸ்டிக் அட்டை ஒன்று.

"என்ன அட்டை?" என்றாள் மூத்தவள்.

"அந்த ஜாக்கெட் உள்பாக்கெட்ல இருந்துது. ஏதோ கார்டு." எழுத்தர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார்.

இளையவள் ஏற்கெனவே ஜாக்கெட்டை முகத்தில் வைத்து மோந்துகொண்டிருந்தாள். டீசலும் வியர்வையும் ஏழு வாரத்துப் புழுக்கமும் கலந்த அந்த வாடையில், தனக்கு வேண்டியதை அவள் தேடினாள். பிறகு கையை உள்ளே விட்டு அட்டையை எடுத்தாள்.

"அக்கா! இது மாமா கார்டு!"

பெரியவரின் படம். பெரியவரின் பெயர். தொலைந்துபோய்விட்டதாக அவர் போலீசில் எழுதிக் கொடுத்திருந்த அட்டை.

"பாருங்கக்கா, அண்ணன் கார்டை எவ்வளவு பத்திரமா நெஞ்சுக்கிட்ட வெச்சிருந்திருக்கார்! எப்பவுமே அவருக்கு அண்ணன்னா உசுருக்கா." இளையவள் அழுதாள், நடுவே சிரிக்கவும் செய்தாள். இந்த ஏழு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "நானே மாமா கையில குடுக்கறேன். பாவம், எவ்வளவு தேடினார்."

மூத்தவள் அட்டையில் இருந்த பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

அவளுக்குத் தெரியும். எடைமேடை ஜன்னலுக்கு வரும் நூறு லாரிக்காரர்களில் தொண்ணூறு பேருக்குத் தெரியும். ஒருவன் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. சரக்கு எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று கம்பெனியும் சொல்கிறது. சட்டமும் கம்பெனியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவன் டிரைவர். நேரம் முடிந்துவிட்டால், கூட இருப்பவனின் அட்டையைச் சொருகிவிட்டு, நேரம் முடிந்தவனே தொடர்ந்து ஓட்டுவான். வழியில் சோதனை வந்தால், கணக்குக்கு ஓட்டுகிறவன் தம்பி, படுத்திருப்பவன் அண்ணன். அதனால் அண்ணனின் அட்டை படுத்திருப்பவன் பையில் இருக்க வேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு. இதுவரை யாரும் பிடித்ததில்லை.

சாப்பிட உட்காரும்போது சின்னவர் அதை வைத்தே கலாட்டா செய்வார். "நேத்து நாலு மணி நேரம் நான்தான் அண்ணன். அண்ணி, இன்னிக்கு முதல் தட்டு எனக்கு." எல்லோரும் சிரிப்பார்கள். இளையவளும் சிரிப்பாள், விஷயம் புரியாமலே.

"குடு, நான் குடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினாள் மூத்தவள். குரல் எப்படியோ சாதாரணமாகவே வந்தது. "நீ போய் ஸ்கூல்ல குழந்தையைக் கூட்டிக்கிட்டு நேரா இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வந்துடு."

இளையவளுக்குக் கொடுக்க மனமில்லை. ஆனாலும் அக்கா கேட்டுவிட்டாள். அட்டையை ஒரு தடவை முந்தானையால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

* * *

யார்டிலிருந்து, பெரியவர் இப்போது வேலை பார்க்கும் டயர் கடைக்குப் பத்து நிமிட நடை. மூத்தவளுக்கு அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நடுவில் ஒரு பாலம். அடியில் கறுப்பாகச் சாக்கடை ஓடியது. அவள் அங்கே நின்றுவிட்டாள்.

கை விட்டால் போதும். சாமான் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பட்டியலில் இருப்பது வெறும் "பிளாஸ்டிக் அட்டை". யார் வந்து கேட்கப் போகிறார்கள்? மூன்று மணிக்கு ஒரு கையெழுத்து, அதோடு வீடு தப்பித்தது. பெரியவரின் லைசென்ஸ் தப்பித்தது. கேஸ் இல்லை, ஜெயில் இல்லை. இளையவளையும் வாலுவையும் நாம்தானே வைத்துக் காப்பாற்றப் போகிறோம், தெருவிலா விட்டுவிடப் போகிறோம் என்று மனசு ஒரு நியாயமும் சொல்லிக் கொடுத்தது. மனசுக்கு நியாயத்துக்கா பஞ்சம்!

கையைக் கம்பிக்கு வெளியே நீட்டியும்விட்டாள். அப்போதுதான் அட்டையில் இருந்த படம் கண்ணில் பட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய படம். மெலிந்த முகம், அடர்ந்த முடி. பெரியவர்தான், ஆனால் பார்த்த மாத்திரத்தில் சின்னவர் என்றே தோன்றியது. இத்தனை நாள் அவள் சோறு போட்ட முகம். அதைச் சாக்கடையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

டயர் கடை வாசலில், பழைய டயர் அடுக்கின்மேல் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது. ஒற்றைக் கையால் என்ன வேலை செய்ய முடியுமோ அதைச் செய்யட்டும் என்று கடைக்காரர் இடம் கொடுத்திருந்தார். வால்வு மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார் ஒருகாலத்து முதலாளி.

"என்னங்க."

நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். தொடவில்லை.

"ஜாக்கெட்லயா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் முடிந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. வழியெல்லாம் அவருக்காகச் சேர்த்துக்கொண்டு வந்த சாக்குப்போக்கை எடுத்து நீட்டினாள்.

"மொத நாள் மாத்தியிருப்பீங்க. அப்புறம் திருப்பி வாங்க மறந்திருப்பீங்க. அதானே? சொல்லுங்க. அன்னிக்கு அவர்தானே ஓட்டினார்?"

"இல்ல."

உள்ளே காற்றுப் பிடிக்கும் மோட்டார் கடகடத்தது.

"நான் ஓட்டற நேரம் ராத்திரி ரெண்டு மணிக்கே முடிஞ்சுபோச்சு" என்றார் பெரியவர். "எட்டு மணிக்குக் குடோன் வாசல்ல நிக்கணும். தம்பிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. இருந்தும் எழுந்து வந்தான். 'நகருங்கண்ணே, நான் ஓட்டறேன்'னான். நான்தான், படுடா பேசாமன்னேன். அவன் கார்டை உள்ள சொருகிட்டு என்னோடதை அவன் பாக்கெட்ல வெச்சேன். 'அப்ப நான் அண்ணன். ஒழுங்கா ஓட்டுடா தம்பி'ன்னான். சிரிச்சுக்கிட்டே திரும்பிப் படுத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் விடிஞ்சுது. வெளிச்சம் வந்தாச்சு, இனிமே தூக்கம் வராதுன்னு நெனச்சேன்." அவர் டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "கண்ணை மூடினது எனக்குத் தெரியாது. தொறந்தது தெரியும்."

மூத்தவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவரையே நாலு சாத்துச் சாத்தலாமா என்றும் இருந்தது.

"ஏழு வாரம்! ஏழு வாரமா ஒரே வீட்டுல, அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிங்க சாப்பிட்டீங்க? என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன்கிட்டத்தான் சொல்ல இருந்தேன்." அவர் அவளைப் பார்க்காமலே பேசினார். "ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறார். 'ஓட்டினது உங்க தம்பிதானே'ன்னு கேக்கறார். நான் வாயைத் தொறக்கறேன். அதுக்குள்ள நீ ஓடி வந்து என் காலைக் கட்டிக்கிட்ட. 'நல்லவேளை, நீங்க ஓட்டல. நல்லவேளை, நீங்க ஓட்டல'ன்னு அழுத. அவர் எழுதிக்கிட்டார். நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் எழுந்திருக்கறேன். அந்த 'நல்லவேளை' வந்து முன்னால நிக்குது."

மூத்தவள் பக்கத்து டயர்மேல் உட்கார்ந்தாள். அவள் அப்படிச் சொன்னது உண்மை. மைத்துனர் பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தபோது, அவள் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "நல்லவேளை". அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் அவர். "நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அது."

"நான் அன்னிக்குச் சொன்னதே போதும்."

அட்டையை அவர் முழங்கால்மேல் வைத்தாள்.

"இது உங்க கார்டு. வீடு போனா போகட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்ல. போனா அழுவேன், உங்களைத் திட்டவும் திட்டுவேன். இருந்தாலும் இதை நான் வெச்சுக்க மாட்டேன். மூணு மணிக்கு வந்துடுங்க."

* * *

இன்சூரன்ஸ் ஆபீசில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் காற்று அதிகாரியின் பக்கம்தான் வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் இளையவள், அடுத்து வாலு, அடுத்து மூத்தவள். பெரியவர் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். வாலு எழுந்து போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

அதிகாரி இளவயதுக்காரர். நல்ல மாதிரி. துக்கப்பட்ட குடும்பத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தபடி மெதுவாகப் பேசினார்.

"படிச்சுக் காட்டிடறேன் மேடம். 'மேற்படி வாகனத்தை ஓட்டிச் சென்ற என் கணவர், தமது அயர்வின் காரணமாக...'"

"அயர்வுன்னா?" என்றாள் இளையவள்.

"அதாவது... தூக்கம், மேடம்."

வாலு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி மீதியைப் படித்தார். கேட்கக் கேட்க வாலுவின் தலை சரிந்தது. ஐந்து வயது, எத்தனை நாள்தான் தாங்கும் அந்தக் கண்? சட்டென்று விழித்து, தன் தொடையைத் தானே நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நான் தூங்கல பெரியப்பா" என்றாள் அவள் அவசரமாக. "சும்மா கண்ணை மூடினேன்."

"இங்க ஒரு கையெழுத்து மேடம். பின்பக்கம் ஒண்ணு."

இளையவள் பேனாவை வாங்கினாள். மூத்தவள் தன் கணவரைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் எதையாவது கேட்டுவிடுவோமோ என்று பயம். சொல்லுங்க என்று கேட்போமா, வேண்டாங்க என்று கேட்போமா, அதுவும் அவளுக்கே தெரியவில்லை.

பெரியவர் நல்ல கையால் வாலுவை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

"தூங்கு செல்லம்."

"மாட்டேன். தூங்கினா அப்பா மாதிரி..."

"உங்கப்பா தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டல." பெரியவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "உங்கப்பா பின்னாடி படுத்து நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தான். உடம்பு சரியில்ல அவனுக்கு. தூங்கினது தப்பே இல்ல. ஓட்டினது நான்மா. தூங்கக் கூடாதவன் நான். தூங்கினது நான்தான்."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, இளையவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தின்மேலேயே வைத்தார்.

"அன்னிக்கு அவன்தான் அண்ணன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்துக் கலாட்டா ஒவ்வொன்றும் இளையவளுக்கு இப்போது வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் அது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

அதிகாரி எழுந்துவிட்டார். "சார், என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? நான் கேட்டுட்டேன். இனிமே கேக்காத மாதிரி இருக்க முடியாது. வண்டிக்கான பணமும் நின்னுடும். போலீசுக்குத் தகவல் குடுத்தாகணும்."

"குடுங்க தம்பி" என்றார் பெரியவர். தம்பி என்று சொன்னதும் வாய் கோணிவிட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை, ஏழு வாரத்து அழுகை, அப்போதுதான் அவருக்கு வந்தது. மடியில் இருந்த குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல் அழுதார். வாலு அதற்குள் தூங்கியிருந்தாள்.

"ஜுரம் இருந்துச்சா அவருக்கு?" இளையவள் கேட்டாள். குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இருந்துச்சும்மா."

"கெளம்பும்போதே உடம்பு சுட்டுது. போகாதீங்கன்னு சொன்னேன். மாத்திரை குடுத்து அனுப்பினேன். போட்டாரா?"

"போட்டான்."

"நல்லாத் தூங்கினாரா?"

"குறட்டை விட்டுத் தூங்கினான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். காலையில் தன் முந்தானையால் துடைத்த அட்டை. மெல்லத் திரும்பி மூத்தவளைப் பார்த்தாள்.

"அக்கா. யார்டுல இதை என் கையிலேருந்து வாங்கினீங்களே... அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவர் ஏழு வாரம் மறைத்ததைத் தாங்கிக்கொண்டவள், இந்த ஐந்து மணி நேரத்தைத் தாங்குவாளா என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சாட்சி யாரும் கிடையாது. ஆனால் பதினாறு வருடம் எடை போட்டவளுக்கு அந்த வார்த்தை நாக்கில் ஏறவில்லை.

"தெரியும்" என்றாள்.

"நான் அழுதுக்கிட்டே சிரிச்சேனே. அப்பவும்?"

"அப்பவும்."

இளையவள் எழுந்தாள். பெரியவரின் மடியிலிருந்து குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். வாலு கண்ணைத் திறக்கவில்லை. கால் ஆடியதில் ஒரு ஷூ கழன்று பெஞ்சுக்கடியில் விழுந்தது. இளையவள் திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மூத்தவள் குனிந்து ஷூவை எடுத்தாள். கணவரைப் பார்த்தாள்.

"போ" என்றார் அவர். "நான் இங்க இருக்கேன். எழுதிக் குடுக்க வேண்டியது நிறைய இருக்கு. நீ அவகூடப் போ."

* * *

இளையவள் முன்னால் நடந்தாள். பத்தடி பின்னால் மூத்தவள் நடந்தாள், ஒரு கையில் ஸ்கூல் பையும் மறு கையில் ஷூவுமாக. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை இளையவள். குழந்தையின் தலை தோளில் கிடந்து ஆடிக்கொண்டே போனது.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். தூங்கும் குழந்தையைப் பார்த்து யாரோ எழுந்து முன் சீட்டில் இடம் கொடுத்தார்கள். மூத்தவள் பின்பக்கமாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இருவரும் சேர்ந்து போனால் மூத்தவள்தான் டிக்கெட் எடுப்பாள். இளையவளுக்குப் பர்ஸ் எடுத்துக்கொண்டு வரும் பழக்கமே கிடையாது.

கண்டக்டர் முன் சீட்டுக்குப் போனார்.

இளையவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எடுத்தாள். "ஒரு முழுசு, ஒரு அரை" என்றாள். எந்த இடத்துக்கு என்று அவள் சொன்னது, என்ஜின் இரைச்சலில் பின்னால் கேட்கவில்லை.

கண்டக்டர் நகர்ந்து நகர்ந்து மூத்தவளிடம் வந்தார்.

"எங்கம்மா?"

அந்த பஸ் வீட்டு வழியாகவும் போகும். அதைத் தாண்டி, இளையவளின் அம்மா வீடு இருக்கும் ஊருக்கும் போகும். மூத்தவள் முன்னால் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே, ஷூ இல்லாத ஒரு சின்னக் கால் மட்டும் சீட்டுக்கு வெளியே தொங்கியது.

"எங்கம்மா போகணும்? சீக்கிரம் சொல்லுங்க."

"முன்னால குழந்தையோட உக்காந்திருக்காங்களே," என்றாள் மூத்தவள், "அவங்க எங்க வாங்கினாங்களோ, அங்கதான்."